தோளில் நான்கு விரல்

சர்வேயரின் வலது தோளில் நான்கு விரல்கள் இருந்தன. விரல்களுக்கு உரியவர் திரையில் இல்லை.

அவற்றை எடுத்தாக வேண்டும் என்றார் சர்வேயர், எடிட்டிங் கடை வைத்திருந்த பெண்ணிடம். நாற்காலியின் முதுகில் சாயவில்லை. எங்கேயும் சாய்ந்து உட்கார்ந்து பழக்கமில்லாதவர்.

அவருடைய பணி ஓய்வு விழா வீடியோப் படம் அது. மேடையில் சால்வையோடு அவர். பக்கத்தில் மனைவி, மகன். ஐந்து வருடமாக வீட்டு டிவியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பழைய டிவி, ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். போன வாரம் மகன் வாங்கி மாட்டிய பெரிய டிவி எதையும் விழுங்குவதில்லை.

நாளைக் காலை மகனுக்குப் பெண் கொடுப்பவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். படத்தைப் போட்டுக் காட்டுவதாக மனைவி சொல்லித் தொலைத்திருந்தாள். யார் கை சம்பந்தி இது என்று ஒருவர் கேட்டால் போதும். இத்தனை நாள் கட்டிக்காத்த மானம் சந்தி சிரித்துவிடும்.

முன்பு இந்தப் படத்தைத் தொகுத்த பழைய எடிட்டர் கொடுத்திருந்த பென் டிரைவைக் கடைக்காரப் பெண் திறந்தாள். படத்தை ஓரமாக நகர்த்தினாள். மறுபக்கம் கறுப்புப் பட்டை விழுந்தது.

பெரிதாக்கினாள். இரண்டு விரல் போனது. கூடவே சர்வேயரின் காதும் போனது.

இன்னும் பெரிதாக்கினாள். நான்கு விரலும் ஒழிந்தன. முகத்தில் பாதியும் ஒழிந்தது. மிச்சப் பாதி தண்ணீரில் நனைந்த காகிதம் மாதிரி மங்கிக் கிடந்தது.

கை வேண்டாம் என்றால் தலையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சுலபமாக முடித்துவிடலாம் என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஊர் ஊராக எல்லைக்கல் நட்டவர் அவர். ஒரு சாண் நிலத்துக்கு அரிவாள் தூக்கியவர்களையும் அளந்து காட்டி வாயடைத்தவர். இந்த ஓரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் ஏதோ எண்ணைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். யாரோ ஏற்கெனவே நூற்று முப்பத்து நான்கு சதவீதத்துக்கு இழுத்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை இடைஞ்சல், முதலில் பழைய அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றாள்.

வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் தட்டிவிட்டாள்.

படம் சுருங்கியது. ஓரம் உள்ளே வந்தது. ஓரத்தோடு ஒரு பெண்ணும் வந்தாள்.

விழா முடிந்த ஆறாம் மாதம், தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனவள். அதன்பின் அவளைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

இவளை அன்றைக்கே வெட்டியாயிற்றே என்றார் சர்வேயர்.

"வெட்டலைங்க ஐயா. வெளியில தள்ளி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். ஆளு அப்படியேதான் இருக்காங்க."

திரையில் இருந்தவள் காமிராவைப் பார்த்து நிற்கவில்லை. அப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சால்வை நழுவியிருந்தது. நான்கு விரல்களும் அதை விழாமல் இறுக்கிப் பிடித்திருந்தன.

தன் முதுகு நிமிர்ந்திருந்ததால்தான் சால்வை நின்றது என்று அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

திரையின் அடியில் அந்தப் படத்துண்டுக்கு வைத்திருந்த பெயர் தெரிந்தது. பழைய எடிட்டர், சர்வேயர் சொன்னதை அப்படியே அடித்து வைத்திருந்தார்: பெரிய பொண்ணு தெரியக்கூடாது.

கடைக்காரப் பெண் அதைப் படித்தாள். மறுபடி பெரிதாக்கட்டுமா என்பதுபோல் அவள் கை மட்டும் காத்திருந்தது.

சர்வேயர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, திரையின் அடியைக் காட்டினார்.

"படம் இப்படியே இருக்கட்டும்மா. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துடு."