மூன்றாவது நாற்காலி

மக்களாட்சியின் மாண்பு மூடிய கதவுகளுக்குப் பின்னால்தான் காக்கப்படுகிறது.

குழு அறையின் கதவு சாத்தி நிற்கவில்லை. தாழ்ப்பாள் கழன்றிருந்தது. காவலர் அன்றைய செய்தித்தாளை நாலாக மடித்து இடுக்கில் செருகினார். மாண்பு ஒருவழியாக நின்றது.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

சத்துணவு அமைப்பாளர். அவள் செய்த குற்றம் இதுதான். சட்டமன்ற உறுப்பினர் பள்ளியைப் பார்வையிட வருவதாகச் சொன்ன நாளில், அவர் வரும்வரை பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை. உறுப்பினர் புகைப்படக்காரருடன் வந்தபோது தட்டுகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன.

அறை கன்னத்தில் விழுந்தது.

விழுந்தது பள்ளி மைதானத்தில். பிள்ளைகள் பார்க்க, வாத்தியார்கள் பார்க்க. ரகசியம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடிக்கவே இல்லை என்றார் உறுப்பினர். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் வேலை இருந்திருக்கிறது. எதிர்க்கட்சிக்காரன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கதை கட்டுகிறாள் என்று ஊரில் பேச்சு. குழாயடியில் அவள் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவளுக்கு அவர் பதவி போகவேண்டாம். அடித்தேன் என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

அதற்காகத்தான் நெறிமுறைக் குழுவுக்குப் புகார். அதற்காகத்தான் தலைநகருக்கு ராத்திரி பஸ். துணைக்குச் சமையலர் அந்தோணியம்மாள். அவளைக் கட்டடத்துக்குள் விடவில்லை, வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

செய்தித்தாளை உருவிவிட்டு அவளை உள்ளே அழைத்தார்கள்.

நீள மேசை. அந்தப் பக்கம் ஏழு நாற்காலிகள். நாலு காலி. ஓரத்தில் குறிப்பெடுக்கக் குழுவின் செயலாளர். நடுவில் தலைவர். அவருக்கு இடப்புறம் ஒரு பெரியவர், கண்மூடிச் சிந்தனையில்.

வலப்புறம் அவர்.

எதிரே நிற்கவேண்டியவர் வலப்புறம் உட்கார்ந்திருந்தார். அவரும் குழு உறுப்பினர்தானாம். ஒழுக்கத்தில் ஈடுபாடு உள்ளவர் என்று கட்சியே அனுப்பிய பெயர்.

அவள் நின்ற நிலை பார்த்துத் தலைவருக்கு இரக்கம் வந்தது.

"குறைஞ்சது மூணு பேர் இருந்தாத்தாம்மா கோரம். அவரு எந்திரிச்சா கோரம் இல்ல. கோரம் இல்லேன்னா கூட்டம் இல்ல. கூட்டம் இல்லேன்னா உன் புகாரும் இல்ல. எது வசதி, நீயே சொல்லு."

அவள் சொன்னாள். உறுப்பினர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். தட்டுகள், மைதானம், கன்னம். அழக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். அழவில்லை.

அவர் குறுக்கே பேசவில்லை. கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் நின்ற பக்கம் வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கைகூப்பினார்.

"அன்னைக்குக் கை நீட்டிட்டேன். தப்புத்தான். மன்னிச்சுக்கம்மா."

பேச்சு வெளியே போகாத இடத்தில் அவர் தாராளமான மனிதர்.

தலைவருக்குக் கண் கலங்கியது. பெரியவர் கண் திறந்து மேசையைத் தட்டினார். பழக்கதோஷம். யாரோ பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

அவளுக்கு மூச்சு சீராக வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

"இத ஊருல சொல்லலாங்களா?"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூச்சு விடக்கூடாது," என்றார் தலைவர். "உள்ள நடந்தத வெளிய சொன்னா உரிமை மீறல். ஜெயிலுக்கே அனுப்ப சபைக்கு அதிகாரம் இருக்கு தெரியுமா? இதெல்லாம் உன் கௌரவத்தக் காப்பாத்தத்தாம்மா."

வாசலில் அந்தோணியம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். முகத்தைத் தேடிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னக்கா, பேசி முடிச்சிட்டாங்களா? ஏதும் குடுத்தாங்களா?"

அந்தோணியம்மாளே கேட்டுவிட்டாள். ஊர் கேட்பதற்கு என்ன?

அதற்குள் மைக்குகள் உறுப்பினரைச் சூழ்ந்துவிட்டன. பின்னாலேயே செயலாளரும் வந்து நின்றார். உறுப்பினர் எல்லா மைக்குக்கும் சமமாகச் சிரித்தார்.

"பொய்ப் புகாருங்க. குழு முன்னாடி தூள்தூளாயிருச்சு. சந்தேகம்னா அந்தம்மாவையே கேளுங்க."

மைக்குகள் அவள் பக்கம் திரும்பின.

அவளுக்கு ஜெயில் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் வாய் நிற்கவில்லை.

"அடிச்சேன்னு ஒத்துக்கிட்டாரு. உள்ள வச்சு, இந்தா இப்பத்தான். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு."

அந்தோணியம்மாளின் பிடி இறுகியது.

உறுப்பினரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் செயலாளரிடம் போனது.

"அப்ப இவங்க மேல உரிமை மீறல் வருமா சார்?" ஒரு நிருபர் கேட்டார்.

செயலாளர் யாரையும் புண்படுத்தாத குரல் உள்ளவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்திருந்தாள்.

வராது என்றார். குழுக் கூட்டத்தில் அப்படி ஒரு மன்னிப்பு கேட்கப்படவே இல்லை.

"அப்ப அந்தம்மா பொய் சொல்றாங்களா?"

அப்படியும் சொல்லமுடியாது என்றார் செயலாளர்.

மன்னிப்புக் கேட்பதற்காக மாண்புமிகு உறுப்பினர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த நேரத்தில் கோரம் இல்லை.