நாற்பத்தோராவது கதவு

பல்லாவரம் மலையடியில் காய்ந்த புதர்கள் பற்றியெரிந்து நாற்பத்தொரு குடிசைகளைச் சாம்பலாக்கின. குடிசை இழந்தவர்களைக் கணக்கெடுத்த அன்று, அவர்களில் ஒருத்தியான பேபி தீப்பட்ட கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் பட்டியலில் நாற்பது பெயர்தான். கட்டிக்கொடுத்த கல்நார்க் கூரை வீடுகளும் நாற்பதுதான்.

குமாஸ்தா ஜெபராஜ் தார் டப்பாவும் பிரஷுமாகக் கதவுகளுக்கு எண் போட்டுக்கொண்டு வந்தான். எதையும் மூன்று தரம் எண்ணாமல் நம்பாதவன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பேபி பின்னாலேயே வந்தாள்.

"உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா. நான் என்ன பண்றது?"

"நீ எழுதிகினே போ சார். முடியட்டும், பாக்கலாம்."

நாற்பதை எழுதி நிமிர்ந்தான். அடுத்து இன்னொரு கதவு இருந்தது.

"நாப்பதுக்குத்தான் சார் அஸ்திவாரம் போட்டேன், மாதா மேல ஆணை!" என்றார் மேஸ்திரி சவுரிமுத்து.

முதலிலிருந்து எண்ணினார்கள். மூன்று தரமும் நாற்பத்தொன்று.

"கொறஞ்சாத்தான சார் பேஜாரு? ஜாஸ்தியாத்தான கீது!" என்றாள் பேபி.

ஜெபராஜ் கதவில் 41 என்று எழுதினான். பட்டியலின் அடியில் அவள் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். தெருவே கைதட்டியது. பேபி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். வீட்டுக்கு வீடு பால் காய்ச்ச அடுப்பு மூட்டினார்கள்.

வேலை முடிந்து, தான் படிக்கும் சாயங்கால வகுப்புக்குப் போகையில் ஜெபராஜ் ரயில்வே மேம்பாலத்திலிருந்து திரும்பிப் பார்த்தான். கூரைகள் நாற்பது. புகை நாற்பத்தொன்று. கடைசிப் புகை, வரிசை முடிந்த இடத்துக்கு அப்பால், வெறும் மண்ணிலிருந்து நேராக எழுந்துகொண்டிருந்தது.

ஜெபராஜ் சிரித்தபடி படியிறங்கினான். மறுபடி எண்ணவில்லை.