பளிங்குக்கு மேல் நான்கு விரல்

ரோம் மீன்சந்தையில் நண்பகல் வெயில் தூணிடுக்குகளில் பாளம் பாளமாகக் கிடக்கிறது. சுவரில் பதித்த பளிங்குக் கல்லோடு தன் பெரிய ஆற்றுமீனைச் சேர்த்துப் பிடிக்கிறான் மீன்காரன் புரோஸ்பெரோ. கல்லைவிட நீளமான மீன் எதுவானாலும் அதன் தலை நகரசபைக்குச் சொந்தம் என்பது சட்டம். வாலை அவன் மெல்ல உட்பக்கம் மடக்குகிறான். "மீனுக்கு என்ன, முதுகுவலியா? நிமித்திப் பிடிடா," என்கிறான் சபைச் சேவகன். நிமிர்ந்த மீன் நான்கு விரல் மிஞ்சுகிறது. கத்தி இறங்குகிறது, முதல் துடுப்போடு தலை சேவகனின் கூடைக்குப் போகிறது. அந்தத் தலைக்காகத்தான் விடியலிலிருந்து நிற்கிறாள் லவீனியா. மாளிகை கட்டும் வேலையில் சாரம் சரிந்து இடுப்பொடிந்த கணவன் மீன்தலைச்சாறு கேட்டிருக்கிறான். அந்த இடுப்புக்கு மாளிகைக்காரர்கள் கொடுத்த ஒரே வெள்ளிக்காசு, போப்பாண்டவர் முகத்தோடு, அவள் உள்ளங்கையில் வியர்த்திருக்கிறது. "ஐயா, சும்மா கேக்கல. காசு தரேன்." "விக்கிறதுக்கில்லம்மா, சபையார் விருந்துக்கு," என்றபடியே காசை வாங்கித் திருப்புகிறான் சேவகன். செதில் ஒட்டிய விரல் லத்தீன் எழுத்துகளைத் தடவுகிறது. "என்ன எழுதியிருக்கு தெரியுமா? வாங்குறதவிடக் குடுக்கிறதே மேலாம்." "அப்ப குடுய்யா அந்தத் தலைய!" புரோஸ்பெரோ மட்டும் சிரிக்கிறான், சத்தம் வராமல். சேவகன் காசை அவள் கையிலேயே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக, வெகு மரியாதையாக மடக்கிவிடுகிறான். "அது காசு வச்சிருக்கிறவங்களுக்கு எழுதினதும்மா. காசு இப்ப யார் கையில இருக்கு?"