சகலை கட்டிய கொட்டகை

"தங்கச்சி வீட்டுக்காரர் கொல்லையில தன் கையாலயே மரக் கொட்டகை கட்டறாராம். உங்களுக்கு ஒரு ஆணியை நேரா அடிக்க வருமா?"

போன வாரத்திலிருந்து மனைவி இதையே பாடிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவருக்கு வயிறு எரிந்தது. எங்காவது ஒரு கோணல் கண்ணில் படாதா என்ற ஆசையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலை வீட்டுக்கே போய்விட்டார்.

கொல்லையில் நான்கு மூலைக் கால்களும் தூக்குக்குண்டு பிடித்தாற்போல் நேராக நின்றன. மேலே விட்டங்களைக்கூட இழைத்துப் பொருத்தியிருந்தார் சகலை. வந்தவர் ஒரு காலைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. எரிச்சல் இன்னும் கூடியது.

"எங்க வீட்டுல மூணு வேளையும் உங்க புராணம்தான் சகலை. எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க? ஒரு தச்சரைக் கூப்பிட்டா முடிச்சுக் குடுத்துட்டுப் போறாரு."

சகலை வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டு, சமையலறை ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுக்குள்ள இருக்க முடியல சகலை. 'அத்தானைப் பாருங்க, சாயங்காலமானா அக்கா பக்கத்துல உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசறாரு. எனக்குன்னு வாய்ச்சது ஊமைக்கோட்டான்'னு ஒரே பாட்டு. இங்க வந்து ஆணி அடிச்சா அது காதுல விழாது."

அதற்குள் ஜன்னலில் இளையவள் முகம் தெரிந்தது.

"அத்தான் வந்திருக்கீங்களா? உள்ள வாங்க, பேசிக்கிட்டிருக்கலாம்."

சகலை சுத்தியலை ஓங்கி அடிக்கத் தொடங்கினார்.

அந்தக் கொட்டகை இப்போதுதான் வந்தவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது.