போர்டின் இரண்டாம் உறுப்பினர்

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் போர்டின் தலைவர் அமர்ந்திருக்கிறார். மேலே கோட்டு, கீழே அரைக்கால் சட்டை. வீட்டுக்காரனின் மனைவிக்கு அண்ணன், குடிமைப்பணித் தேர்வில் நேர்முகம் வரை போய்ப் போய்த் திரும்பியவர், ஆகவே நிபுணர். இன்னொரு மெம்பர் வேண்டுமென்று தங்கையையும் பக்கத்தில் இழுத்து வைத்திருக்கிறார். அவள் மடியில் உரிக்காத பட்டாணி. மேசையில் பாதிவரை வெயில் ஏறியிருக்கிறது. வாசலில் அவள் கணவன், கழுத்தை இறுக்கும் டையோடு, தன் வீட்டுக்குள் வர அனுமதி கேட்கிறான். இது ஒத்திகை, நாளை நிஜ நேர்முகம். வயது வரம்பு இத்தோடு முடிகிறது. இனியொரு தடவை கிடையாது. "எதுக்கு இந்த வேலை?" "மக்கள் சேவை சார்." "மாப்ளே, சேவைன்னு சொல்றப்ப கண்ணு லேசா கலங்கணும்." அவன் கலங்கிப் பார்க்கிறான், தும்மல் வரப்போவது போல இருக்கிறது. தலைவர் திருப்தியாகி, "மெம்பர் ஏதாவது கேக்கறீங்களா?" என்கிறார், ஒப்புக்கு. உரிக்கும் விரல்கள் நிற்கின்றன. "கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க?" தலைவர் குறுக்கிடுகிறார். "அதெல்லாம் போர்டுல கேக்க மாட்டாங்கம்மா." "நான் கேக்கறேண்ணா." உலகத்துத் தலைநகரங்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிப்பவன் டையின் முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறான். பிறகு, தெரியாத கேள்விக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, முதுகை நிமிர்த்தி, அவள் கண்ணைப் பார்த்து, "மன்னிக்கணும் மேடம், தெரியலை" என்கிறான். அந்த இடத்தில் வைக்க வேண்டிய புன்னகை மட்டும் வரவில்லை. "பிரமாதம்! நேர்மைக்கு முழு மார்க்!" என்று தலைவர் மேசையைத் தட்டுகிறார். மெம்பர் மார்க் எதுவும் போடவில்லை; பதில் இனிமேல்தான் வரும் என்பதுபோல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.