மூன்றாவது சரணம்

ஆகஸ்ட் 9. இன்று செய்த தப்பு: நேரலைக் கச்சேரியைக் கேட்டு எழுதிய பாட்டில், மூன்றாவது சரணத்தின் கடைசி இரண்டு வரி சரியில்லை. மின்னியைத் தேடிக்கொண்டு ஏறிய சரிவில் சிக்னல் போய்விட்டது. அப்படியே என் ரசிகர் பக்கத்தில் போட்டுவிட்டேன். நாளைய வேலை: திருத்துவது.

தினமும் ஒரு தப்பு, மறுநாளைக்கு ஒரு வேலை என்று டைரி எழுதுவது, ஜமுனாமரத்தூர் மாலைக் கணினி வகுப்பில் வெண்ணிலாவுக்கு வந்த பழக்கம். எழுதிய வேலையை முடிக்காமல் விட்டதில்லை. இந்த ஒன்று மட்டும் வருஷம் கடந்தும் நிற்கிறது. பாடகர் மேடையில் புதிதாகச் சேர்த்துப் பாடிய சரணம் அது. மறுபடி கேட்க எங்கே தேடியும் பதிவு கிடைக்கவில்லை.

இப்போது அதே பாட்டுக்குத்தான் நோட்டீஸ் வந்திருந்தது.

வகுப்பு நடத்தும் அர்பாஸின் கம்ப்யூட்டர் திரையில், வீடியோ காலில், ஜீவானந்தம் உட்கார்ந்திருந்தார். சென்னைப் பாட்டுக் கம்பெனியின் உரிமைப் பிரிவு அதிகாரி. கையில் பளபளவென்று ஒரு புத்தகம்.

"உன் ரசிகர் பக்கத்துல இருக்கிற பாட்டு வரி அத்தனையும் எங்க சொத்தும்மா. போன மாசம்தான் இந்தப் புத்தகம் போட்டோம். அதைப் பாத்து அப்படியே அடிச்சு வச்சிருக்க."

"புக்கை நான் கண்ணால பாத்ததில்ல சார். பாட்டைக் கேட்டு கேட்டு நானே டைப் பண்ணது. பாட்டு உங்களுது, இல்லன்னு சொல்லல. எடுத்துடுன்னா எடுத்துடறேன்."

"எடுத்தா மட்டும் போதாது. 'புத்தகத்திலிருந்து திருடிப் போட்டேன், மன்னிக்கவும்'னு உன் பக்கத்துல எழுதணும். இன்னிக்கே. இல்லன்னா கேஸ்."

வெண்ணிலாவிடம் வரி சரியாக இருக்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் வருகிற பக்கம் அது. அவர்கள் முன்னால், நான் திருடி என்று தன் கையாலேயே எழுதுவதா?

அர்பாஸ் குனிந்து காதோரம் சொன்னான். "இன்னாத்துக்கு வம்பு? எழுதிக் குடுத்துட்டுப் போ. கேஸுன்னா மெட்ராஸுக்கு யாரு அலையறது?"

"செய்யாததை எழுத மாட்டேண்ணா."

"டைரில தினம் ஒரு தப்பு எழுதுறியே. உனக்கு இன்னா புதுசா?"

"அது நான் செஞ்ச தப்பு. இது அவரு சொல்ற தப்பு."

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்றார் ஜீவானந்தம்.

வெண்ணிலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "நான் எப்பப் போட்டேன்னு தேதி பாருங்க சார். உங்க புக்குக்கு முன்னாடி."

"தேதியை யார் வேணா மாத்தலாம். வரியை மாத்த முடியுமா? வரிக்கு வரி வச்சுப் பாத்துட்டேன். உன் பக்கத்துக்கும் எங்க புத்தகத்துக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்ல."

வெண்ணிலா நிமிர்ந்தாள். பாட்டையும் கெடுத்து வைத்திருக்கிறாய் என்று அந்த இரண்டு வரியைக் காட்டிவிடுவாரோ என்றுதான் இத்தனை நேரமும் பயந்துகொண்டிருந்தாள்.

"மூணாவது சரணமுமா சார்?"

"மூணாவதும்தான். கேளு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேடைக் குரலில் வாசித்தார்.

"மின்னி வராம சாயங்காலம் முடியாது,
அவ வாசம் இல்லாம வாசல் விடியாது."

அர்பாஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

"எங்க கவிஞர் உயிரைக் குடுத்து எழுதினதும்மா இது. நீ மலை மேல உக்காந்துக்கிட்டு நோகாம எடுத்துப் போடுற."

"அது இன்னா வாசம் சார்?"

"கூந்தல் வாசம். மின்னின்னா மின்னல் மாதிரிப் பொண்ணு. முன்னுரையில இந்த ரெண்டு வரியைப் பத்தி மட்டும் அரைப் பக்கம் இருக்கு."

"இது உங்க கவிஞர் எழுதினதுதான், வேற யாரும் எழுதலன்னு மெயில் போடுவீங்களா சார்?"

"தாராளமா. அதைப் பாத்தாவது மன்னிப்பு எழுதுவியா?"

"மொதல்ல மெயில் வரட்டும் சார்."

வெளியே போளூர் பஸ் திரும்பி நிற்பதற்குள் மெயில் வந்துவிட்டது. வெண்ணிலா நிதானமாக இரண்டு முறை படித்தாள். ஒரு நகல் கம்ப்யூட்டரில், ஒரு நகல் தன் செல்போனில் சேமித்தாள்.

"வந்துச்சு இல்ல? எழுது," என்றார் ஜீவானந்தம்.

"எழுதத்தான் போறேன் சார். அன்னிக்கு சிக்னல் போய்ட்டதால கடைசி ரெண்டு வரி என் காதுல விழவே இல்ல. எடம் காலியா கீதேன்னு மெட்டுக்கு ஏத்த மாதிரி நானே எழுதி ரொப்பினேன்."

ஜீவானந்தம் புத்தகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ... மின்னி?"

"எங்க வூட்டு வெள்ளாடு சார்."

திரை சட்டென்று இருண்டது. அர்பாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டைரியை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"நாளைய வேலை இன்னா?"

"கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பணும்ணா. மன்னிப்பு அவங்க எழுதணும்."