வடமேற்குச் சூரியன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுக்கு மேற்கே உள்ள தொழிலாளர் லைன் வீட்டு வாசற்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள் ஷாலினி. வரைபட மென்பொருளில் மேடு பள்ளங்களுக்கு நிழல் போடும் சின்னக் கருவி ஒன்றை எழுதுகிறாள். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். சோதித்துப் பார்க்க எதிரே இருக்கும் மேட்டையே எடுத்திருக்கிறாள். மற்ற ஆறு நாளும் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய்விடும் அவள் கணவன் பாரி, பிழிந்த சட்டையோடு பின்னால் வந்து எட்டிப் பார்க்கிறான். சட்டையிலிருந்து ஒரு சொட்டு அவள் கழுத்தில் விழுகிறது.

"இன்னா ஷாலினி, உன் மேப்புல நம்ம வீட்டு மேல வெயில் அடிக்குது? நான் இங்க ஈரத்துணிய வச்சிக்கினு நிழல்ல நிக்கிறேன்."

"மேப்புல வெளிச்சம் எப்பவும் வடமேற்குல இருந்துதாங்க வரும். அப்பதான் மேடு மேடா தெரியும்."

"காலைல வடமேற்குல சூரியன எவன் பாத்தான்?"

மூன்று வாரமாக இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்குக் கோபம் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அரை மணி நேரம் தட்டித் தட்டி, தேதியையும் நேரத்தையும் கேட்கும் கட்டம் ஒன்றைச் சேர்க்கிறாள். எட்டு மணி என்று கொடுத்ததும் மேட்டின் நிழல் சரிந்து வீட்டை மூடுகிறது. எட்டு நாற்பது என்று மாற்றினால் விலகுகிறது. இப்போது மணி எட்டு முப்பத்தெட்டு.

"ரெண்டு நிமிஷம் இருங்க, வெயில் வந்துடும்."

அவன் கொடிக்கருகே போய், சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறான். வெயில் இறங்குகிறது: முதலில் கூரைத் தகரம், பிறகு கொடி, பிறகு அவன் நெற்றி. ஒரு கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான்.

"ஒரு நிமிஷம் லேட்டு," என்கிறான், ரயிலைச் சொல்வதுபோல.

ஷாலினி திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தில் விழும் வெயிலைப் பார்க்கிறாள்.